அல்ட்ரா-ஸ்டார் 175: எறியப் பழகுகிறவர் கையில் இந்தத் தட்டு எப்படி?

விளையாட்டுச் சாமான் கடையில் "ஃபிரிஸ்பீ இருக்கா?" என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் நூறு கிராமை ஒட்டிய, கையால் அழுத்தினால் நெளியும் மெல்லிய பிளாஸ்டிக் தட்டு. காற்றில்லாத மொட்டை மாடியில் அது மிதந்து போகும். மைதானத்துக்கோ கடற்கரைக்கோ எடுத்துப் போனால் பாதி தூரத்தில் தலையைத் தூக்கி, பக்கவாட்டில் சாய்ந்து, எறிந்தவர் பக்கமே திரும்பி வரும். பத்து நாள் இப்படி எறிந்து பார்த்துவிட்டு "நமக்கு இது வராது" என்று விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். கையில் குறை இருக்கலாம். ஆனால் எந்தக் குறை என்று அந்தத் தட்டு சொல்லித் தராது. ஒழுங்காக எறிந்தாலும் அது சாயும், தப்பாக எறிந்தாலும் சாயும்.

எறியப் பழகுகிறவர் முதலில் வாங்க வேண்டியது 175 கிராம் தட்டு. அந்த எடையில் பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன. இங்கே பார்க்கப்போவது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து டிஸ்கிராஃப்ட் நிறுவனத்தின் அல்ட்ரா-ஸ்டார். 1991 முதல் அமெரிக்காவின் அல்டிமேட் சாம்பியன்ஷிப் போட்டிகளில் அதிகாரபூர்வத் தட்டாக இருப்பது இதுதான். அல்டிமேட் என்பது 1968-ல் நியூ ஜெர்சியின் மேப்பிள்வுட் ஊரில், கொலம்பியா உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தொடங்கிய ஆட்டம். அணிக்கு ஏழு பேர், தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது, எறிந்து எறிந்தே எதிர்முனைக்குக் கொண்டுபோக வேண்டும். சென்னை பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் இளைஞர்கள் மணலில் ஆடுவதும் இதே ஆட்டம்தான், அங்கே அணிக்கு ஐந்து பேர். (ஃபிரிஸ்பீ என்பது வாம்-ஓ என்ற நிறுவனத்தின் வணிகப் பெயர். அதனால்தான் ஆட்டக்காரர்கள் 'டிஸ்க்' என்கிறார்கள். தமிழில் 'பறக்கும் தட்டு' என்றால் வேற்றுக்கிரக ஆட்கள் நினைவுக்கு வந்துவிடுவதால், இங்கே வெறுமனே 'தட்டு'.)

குறுக்களவு 27.3 செ.மீ. விளிம்பு உள்பக்கமாக ஆழமாக மடிந்திருக்கும், நான்கு விரலும் அதற்குள் நன்றாக அடங்கும். மேற்பரப்பில், கட்டைவிரல் உட்காரும் தோள் பகுதியில், இசைத்தட்டின் கோடுகளைப் போல மெல்லிய வட்ட வரிகள் ஓடுகின்றன. இவை அழகுக்கானவை அல்ல. கட்டைவிரல் வழுக்காமல் பிடிக்க உதவுவதோடு, தட்டின் மேல் ஓடும் காற்றையும் இவை சற்றுக் கலைத்துவிடுகின்றன. 1960-களில் வாம்-ஓவின் எட் ஹெட்ரிக் இப்படி வரிகள் போட்ட தட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். அது கிடைத்தது 1967-ல். இன்றைக்குக் கிடைக்கும் நல்ல தட்டுகள் எல்லாவற்றிலும் அந்த யோசனையின் வாரிசு ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது.

எடை ஏன் இவ்வளவு முக்கியம்? பம்பரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சாட்டையில் வேகம் இருந்தால் ஊசி போல நிற்கும், வேகம் குறையக் குறையத் தலையாட்டும், கடைசியில் சாயும். தட்டும் அப்படியே. காற்று அதை மேலே தூக்கும் விசை தட்டின் நடுவில் படுவதில்லை, பெரும்பாலும் சற்று முன்பக்கமாகப் படுகிறது. சுழலாத தட்டாக இருந்தால் உடனே மூக்கை, அதாவது முன் ஓரத்தை, தூக்கிக் கவிழ்ந்துவிடும். சுழலும் தட்டில் அந்தத் தள்ளல் தொண்ணூறு பாகை திரும்பிப் பக்கவாட்டுச் சாய்வாக வெளிப்படுகிறது, அதுவும் மெதுவாக. சுழற்சி எவ்வளவு வலுவோ அவ்வளவு மெதுவாக. அல்ட்ரா-ஸ்டாரில் எடையின் பெரும்பங்கு விளிம்பில் இருக்கிறது. ஒருமுறை சுழற்றிவிட்டால் அந்தச் சுழற்சியை நெடுநேரம் பிடித்து வைத்திருக்கும். லேசான தட்டில் பிடித்துவைக்க எடையே இல்லை.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். வலது கைக்காரர் எறியும் பேக்ஹேண்ட் (கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய் எறிவது) மேலிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்றில் சுழலும். வேகம் குறைந்து இறங்கும்போது அது இடப்பக்கம் சாயும். ஃபோர்ஹேண்ட் (எறியும் கையின் பக்கத்திலிருந்தே சுண்டி எறிவது) எதிர்ச்சுற்று, கடைசியில் வலப்பக்கம் சாயும். இது பிழை அல்ல, தட்டின் இயல்பு. இடது கைக்காரர்கள் இனி வரும் எல்லாவற்றையும் வலம் இடமாக மாற்றிப் படிக்கவும்.

பேக்ஹேண்டில் இந்தத் தட்டு எப்படி நடந்துகொள்கிறது

கட்டைவிரல் மேலே, வட்ட வரிகளின் மீது, நன்றாக அழுந்தியிருக்க வேண்டும். மற்ற விரல்கள் அடியில். முதல் நாள் ஆள்காட்டி விரலை விளிம்பின் வெளிப்பக்கத்தில் நீட்டி வைத்துக்கொண்டால் தட்டு கைக்கு அடங்கியது போல இருக்கும். அதையே வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம், அந்த விரல் சுழற்சியைத் தின்றுவிடும். இரண்டாம் நாளே அதையும் உள்ளே மடக்குங்கள். நான்கு விரலையும் விளிம்புக்குள் மடக்கிப் பிடிப்பது தூரத்துக்கு. அடித்தளத்தில் விரல்களை விசிறி போல விரித்து வைப்பது பக்கத்தில் இருப்பவருக்கு அளவாகப் போடுவதற்கு. அல்ட்ரா-ஸ்டாரின் விளிம்பு ஆழமாக இருப்பதால் நான்கு விரல் பிடி மிக வசதி. கை சிறியவர்களுக்கு விசிறிப் பிடியில் கட்டைவிரல் எட்டாமல் தடுமாறும்.

எறிய வேண்டிய திசைக்கு வலது தோள் காட்டி நில்லுங்கள். எடை இடது காலில். தட்டை இடுப்பு உயரத்தில் உடம்பின் இடப்பக்கம் கொண்டுபோய், மணிக்கட்டை உள்நோக்கி மடக்குங்கள். வலது கால் முன்னே ஊன்றும்போது முழங்கை முதலில் புறப்பட வேண்டும், பிறகு முன்கை, கடைசியாக மணிக்கட்டு. துவைத்த துண்டை உதறும்போது அதன் நுனி 'படார்' என்று சத்தமிடும் இல்லையா, அந்த உதறல்தான் இங்கே வேண்டியது. கையை வேகமாக வீசிவிட்டு மணிக்கட்டைக் கட்டையாக வைத்திருந்தால் தட்டு முன்னே போகும், ஆனால் சுழலாது. பழகுகிறவர்களிடம் காணும் குறைகளில் முக்கால்வாசி இந்த ஒன்றிலிருந்து வருபவை. தூரம் போகவில்லை என்றதும் இன்னும் பலமாக வீசுகிறார்கள், நிலைமை இன்னும் மோசமாகிறது.

தட்டு பறக்கும் விதத்தைப் பார்த்தே கையில் என்ன தப்பு என்று சொல்லிவிடலாம், 175 கிராம் தட்டின் பெரிய நன்மை இது. கையை விட்டதும் தட்டு நடுங்கித் தலையாட்டினால் சுழற்சி போதவில்லை, அல்லது கட்டைவிரல் தளர்ந்திருக்கிறது. மட்டமாகப் போனாலும் வலப்பக்கம் விலகினால் விட்டது தாமதம், இடப்பக்கம் விலகினால் விட்டது சீக்கிரம். கொஞ்ச தூரம் போய் பலூன் போல மேலே எழும்பி நின்று அங்கேயே விழுந்தால், விடும் கணத்தில் தட்டின் மூக்கு தூக்கியிருக்கிறது. வலப்பக்கம் கவிழ்ந்து விளிம்பால் தரையைக் குத்தினால் இடது ஓரம் உயர்ந்திருக்கிறது. கை மட்டமாகப் போகாமல் வளைந்து போவதே இதற்குக் காரணம். தட்டை ஒரு மேசையின் மேல் இழுத்துக்கொண்டு போவது போல நேர்கோட்டில் இழுத்தால் சரியாகும். இதே தப்புகளை லேசான தட்டில் செய்தால் எல்லாம் ஒரே மாதிரி தள்ளாடும், எது எதனால் என்று பிரிக்க முடியாது.

இடைவெளி முதலில் எட்டு மீட்டருக்கு மேல் வேண்டாம். பத்துக்கு எட்டு எறிதல் எதிரில் நிற்பவரின் மார்புக்கு நேராகப் போகும்வரை அங்கேயே நில்லுங்கள். பிறகு பன்னிரண்டு, அதன்பின் பதினைந்து. 2016-ல் டேவிட் விக்கின்ஸ் ஜூனியர் 338 மீட்டர் எறிந்தார் என்று எங்காவது படித்துவிட்டு வருபவர்கள் உண்டு. அது டிஸ்க் கோல்ஃப் என்ற வேறோர் ஆட்டத்துக்கான, கூர்மையான விளிம்புள்ள கோல்ஃப் தட்டு, காற்றின் துணையோடு எறிந்தது. அதை இந்தத் தட்டோடு ஒப்பிடுவதில் பொருளில்லை.

ஃபோர்ஹேண்ட், அதாவது சுண்டு

ஆட்டக்காரர்கள் 'ஃப்ளிக்' என்பார்கள். நடுவிரலின் சதைப்பகுதி விளிம்பின் உட்சுவரில் அழுந்த வேண்டும், நகமோ விரல் பக்கமோ அல்ல. ஆள்காட்டி விரல் அதனோடு ஒட்டியிருக்கலாம், அல்லது தட்டின் நடுவை நோக்கி நீட்டித் தாங்கலாம். நீட்டினால் தட்டு தொங்காது, ஒட்டி வைத்தால் வேகம் கூடும். பழகுகிறவருக்கு நீட்டிய பிடியே நல்லது. மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கி விளிம்பின் வெளிப்பக்கம் ஒட்டியிருக்கும். கட்டைவிரல் வழக்கம் போல மேலே.

உள்ளங்கை வானம் பார்க்க வேண்டும், எறிந்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும். பிரசாதம் வாங்க நீட்டிய கை எப்படியோ அப்படி. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதில்தான் பெரிய இடறல். சின்ன வயதிலிருந்து கிரிக்கெட் பந்து எறிந்து பழகிய கை, விடும் கணத்தில் தானாகக் கவிழ்ந்துவிடும். கை கவிழ்ந்தால் வலது ஓரம் எழும்பும், தட்டு இடப்பக்கம் புரண்டு தரையில் மோதும். ஃபோர்ஹேண்ட் பழகும் எல்லாரும் சந்திக்கும் குறை இது, ஆனால் பந்து எறிந்த கைக்கு இரட்டிப்பாக வரும். மருந்தும் நம் ஊரிலேயே இருக்கிறது. குளத்து நீரில் ஓட்டாஞ்சில்லைத் தத்தித் தத்திப் போகும்படி எறிந்தவர்களுக்கு அந்தப் பக்கவாட்டு வீச்சும் மணிக்கட்டுச் சுண்டும் முன்பே கைவசம். தட்டைப் பிடித்துக்கொண்டு அந்த வீச்சையே செய்தால் பாதி வேலை முடிந்தது. வலது ஓரத்தை ஒரு விரற்கடை தாழ்த்திப் பிடித்தால் மீதியும் சரியாகும்.

ஒரு பயிற்சியைத் தவறாமல் செய்யச் சொல்வேன். வலது முழங்கையை இடது கையால் இடுப்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, மணிக்கட்டை மட்டும் சுண்டி ஐந்து மீட்டர் தூரத்துக்கு ஐம்பது முறை எறியுங்கள். கை வீச்சே இல்லாமல் தட்டு ஆடாமல் போக ஆரம்பித்தால் சுண்டு கைவந்துவிட்டது. பிறகு கையை விடுவித்தால் தூரம் தானாக வரும். அல்ட்ரா-ஸ்டாரின் உட்சுவர் நடுவிரலுக்கு உறுதியான பிடிமானம் தருகிறது. ஆனால் முதல் வாரத்தில் விரல் நுனி சிவந்து எரியும். நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்வது நல்லது. எரிச்சல் அதிகமானால் ஒரு நாள் பேக்ஹேண்ட் மட்டும் எறியலாம்.

தலைக்கு மேலிருந்து கவிழ்த்து எறியும் 'ஹாம்மர்' பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். அதே ஃபோர்ஹேண்ட் பிடி, தட்டு சாய்வாகப் புறப்பட்டு, தலைகீழாகப் புரண்டு இறங்கும். முதல் இரண்டு மாதம் அதைத் தொடாமல் இருப்பது நல்லது. தோள் வலியை அது சீக்கிரம் கொண்டுவரும், மணிக்கட்டுப் பழக்கத்தையும் கெடுக்கும்.

பிடிப்பதும் பாதி ஆட்டம். நெஞ்சுக்கு நேராக வரும் தட்டை ஒரு உள்ளங்கை மேலும் ஒன்று கீழுமாக, சப்பாத்தியைத் தட்டுவது போல அடைத்துப் பிடிக்க வேண்டும். தலைக்கு மேலே வந்தால் இரண்டு கையாலும் விளிம்பைக் கவ்வவும், கட்டைவிரல் கீழே. முழங்காலுக்குக் கீழே வந்தால் கட்டைவிரல் மேலே. இங்கே எடை தன் மறுபக்கத்தைக் காட்டும். தவறவிட்டால் 175 கிராம் விளிம்பு விரல் கணுவிலும் உதட்டிலும் நன்றாகவே படும். பத்து வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்கு இதைக் கொடுக்க வேண்டாம். அதே நிறுவனத்தின் ஜே-ஸ்டார் 145 கிராம், அளவும் சிறியது, அவர்களுக்கு அதுவே பொருத்தம்.

கடற்கரைக் காற்றில்

சென்னைக் கடற்கரை வடக்கு தெற்காக நீள்வது. கரையோரமாக எறிந்து விளையாடினால் கடற்காற்று எப்போதும் குறுக்கே வரும். குறுக்குக் காற்றுக்கு ஒரே விதிதான்: காற்று வரும் பக்கத்து ஓரத்தைச் சற்றுத் தாழ்த்து. உயர்த்திப் பிடித்தால் காற்று தட்டின் அடிவயிற்றில் புகுந்து அள்ளிக்கொண்டு போய்விடும். வடக்கே பார்த்து எறிந்தால் கடல் வலப்பக்கம், வலது ஓரம் தாழட்டும். தெற்கே பார்த்தால் இடது ஓரம். எதிர்க்காற்றில் தட்டு மேலே எழும்பப் பார்க்கும். தாழ்வாக, மூக்கைச் சற்று இறக்கி, பலத்தைக் கூட்டாமல் சுழற்சியைக் கூட்டி எறிய வேண்டும். பின்காற்று தட்டைக் கீழே அமுக்கும், கொஞ்சம் உயர்த்தி விடலாம். அல்ட்ரா-ஸ்டார் மிதமான காற்றை நன்றாகத் தாங்குகிறது. மாலையில் கடற்காற்று வலுத்துவிட்டால் இதிலும் புதியவர்கள் திணறுவார்கள். பழகுகிற நாட்களில் காலை வெயில் ஏறுமுன் போவதே சரி, அப்போது காற்று அடங்கியிருக்கும்.

குறைகள் என்று பார்த்தால், புதுத் தட்டு பளபளப்பாக இருப்பதால் வியர்த்த கையில் வழுக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் இது சின்ன விஷயம் இல்லை. ஒரு சிறு துண்டு இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள், அல்லது உலர்ந்த மணலில் கையைத் தேய்த்துத் தட்டிவிடுங்கள். பத்துப் பதினைந்து நாளில் மேற்பரப்பு தானாகச் சொரசொரப்பாகிவிடும். சிமெண்டுத் தரையில் எறிந்தால் விளிம்பில் பிசிர் எழுந்து விரலைக் கீறும். மெல்லிய உப்புத்தாளால் நான்கு இழுப்பு இழுத்தால் போதும், ஆழமாகத் தேய்க்க வேண்டாம். மேலே அச்சிட்ட படம் காலப்போக்கில் உரியும், பறப்பதில் அதனால் மாற்றமில்லை. நாய்க்கு எறிய இது ஏற்றதல்ல. விளிம்பு பல்லுக்குக் கடினம், பல் பட்ட விளிம்பு அடுத்தவர் கைக்கு ஆபத்து.

வாங்கும்போது பொம்மைக் கடைத் தட்டைவிடப் பல மடங்கு விலை இருக்கும், வெளிநாட்டுச் சரக்கு. போலியும் உண்டு என்பதால் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்துவிடலாம். 175-ஐ ஒட்டி நிற்க வேண்டும், 150 காட்டினால் திருப்பிக் கொடுங்கள். மேசையில் கவிழ்த்து வைத்தால் விளிம்பு முழுவதும் மேசையைத் தொட வேண்டும். இன்னோவா என்ற தட்டு நிறுவனத்தின் பல்சர் போன்ற வேறு 175 கிராம் தட்டு சுலபமாகக் கிடைத்தால் அதையே வாங்கலாம், மேலே சொன்ன பயிற்சி எல்லாம் அதற்கும் பொருந்தும். கோல்ஃப் தட்டு வேண்டாம். சிறியது, விளிம்பு கூரானது, பிடிக்க உகந்ததல்ல. வளையம் போன்ற ஏரோபியும் வேண்டாம். காபி போடும் ஏரோபிரஸைக் கண்டுபிடித்த ஆலன் ஆட்லர்தான் அதையும் செய்தார், 2003-ல் அது 406 மீட்டர் போயிருக்கிறது. அதிசயமான பொருள், ஆனால் அது தானாகப் பறக்கும், கைக்கு எதையும் கற்றுத்தராது.

இரண்டு பேர் சேர்ந்து பழகினால் ஒன்று போதும். துணையில்லாமல் பழகுகிறவர் மூன்று வாங்கினால், ஒவ்வொரு எறிதலுக்கும் ஓடி எடுக்காமல் ஒரே நிலையில் நின்று ஒரே எறிதலைத் திருத்தித் திருத்திப் போடலாம். விளையாடி முடித்ததும் உப்பும் மணலும் போக நல்ல தண்ணீரில் கழுவி, தட்டையாக வையுங்கள். வெயிலில் நிற்கும் கார் இருக்கையிலோ பைக் பெட்டியில் சாய்த்தோ விட்டால் ஒரே மதியத்தில் வளைந்துவிடும். வளைந்தால் தூக்கிப் போட வேண்டாம். கொதிக்காத, கை பொறுக்கச் சற்று மிஞ்சிய சூட்டு நீரில் இரண்டு நிமிடம் மூழ்க வைத்து, சமமான தரையில் கவிழ்த்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி இரவு முழுக்க விட்டால் பெரும்பாலும் பழைய வடிவத்துக்கு வந்துவிடும்.